விண்வெளிக்குப் போன சாமியார்கள்

அறிவியல் புனைகதையில் வரும் ஒரு கத்தோலிக்கச் சாமியாரை நம்ப முடிகிறதா என்று அறிய, அவர் கடவுளைப் பற்றி என்ன பேசுகிறார் என்று கேட்பதைவிட அவர் கை என்ன செய்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. இதற்கான உரைகல் தமிழ் மண்ணிலேயே கிடைக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்த சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தார். குருக்கள்பட்டியில் மரண தண்டனை வரை போய்த் தப்பினார். 1747-இல் இறக்கும்வரை பிறந்த மண்ணுக்குத் திரும்பவில்லை. அவருடைய விசுவாசத்தின் தடம் ஓர் எழுத்தின் கொம்பில் இருக்கிறது. அந்நாளில் ‘கெ’யும் ‘கே’யும் ஒரே வடிவம், குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால்தான் வேறுபாடு தெரியும். எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று ஏடு எழுதுவோர் அந்தப் புள்ளியையும் விட்டுவிடுவார்கள். நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் அவர் என்பது தமிழ் மரபின் நன்றிக்கணக்கு. நற்செய்தி சொல்ல வந்தவர், அதைக் கேட்பவரின் எழுத்துக்காகவும் உழைத்தார். விசுவாசம் கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான்.

விண்கலத்தில் சாமியாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மேரி டோரியா ரஸ்ஸலின் ‘தி ஸ்பேரோ’ (1996) நாவலில், வேற்றுக் கிரகத்தின் பாட்டு பூமியில் கேட்டதும் சேசு சபை ஆள் அனுப்புகிறது. போகிறவர்களில் எமிலியோ சாண்டோஸ் துறவி, பன்மொழி வல்லவர். தமிழ் வாசகருக்கு இது விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆறு மாதக் கடல் பயணத்துக்குப் பின் அறியாத மொழிக்குள் இறங்கி, அதற்கே அகராதி எழுதிய சேசு சபையாரை நாம் அறிவோம். சாண்டோஸ் சிதைந்த கைகளோடு, உடைந்த நம்பிக்கையோடு திரும்பி வருகிறார். அப்போதும் சபைத் தலைவர் முன் அமர்ந்து நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். நம்பிக்கை போன பிறகும் கீழ்ப்படிதல் மிச்சமிருப்பதைக் காட்டும் அந்த விசாரணைதான் அவரை மெய்யான சாமியார் ஆக்குகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஆர்தர் சி. கிளார்க்கிடமிருந்து வருகிறது. இலங்கையில் குடியேறுவதற்கு முன், 1955-இல், அவர் எழுதிய ‘தி ஸ்டார்’ கதையின் நாயகரும் சேசு சபையார், வானியற்பியலாளர். ஓர் அழகிய நாகரிகத்தை எரித்தழித்த விண்மீன் வெடிப்பே பெத்லகேமின் மேல் ஒளிர்ந்தது என்று கணக்கிட்டு அறிகிறார். சந்தேகம்தான் நவீன சாமியாரின் மெய்யான முகம் என்பார்கள், இதைக் காட்டி. கணக்கை மறைக்காத அந்த நேர்மை உயர்ந்தது. அதுவும் கையின் வேலைதான். ஆனால் குற்றமற்றவர் ஏன் அழிய வேண்டும் என்ற கேள்வி யோபு காலத்தது. அதைச் சுமந்துகொண்டே சாமியார்கள் பூசை வைத்துவந்திருக்கிறார்கள். மறுநாள் காலை இவர் பீடத்தில் நிற்பாரா? கதை அதற்கு முன்பே முடிந்துவிடுவதால், நமக்குக் கிடைப்பது சாமியாரின் துயரம். முழுச் சாமியார் அல்லர்.

மறுநாள் காலையை எழுதியவர் வால்ட்டர் மில்லர். 1944-இல் மான்டே காசினோ மடத்தின் மீது குண்டு வீசியதில் பங்கேற்று, போருக்குப் பின் கத்தோலிக்கரான அவருடைய ‘எ கான்டிகிள் ஃபார் லைபோவிட்ஸ்’ நாவலில், அணுப்போருக்குப் பிந்தைய பாலைவன மடத்தில் பிரான்சிஸ் என்ற துறவி ஒரு மின்சுற்று வரைபடத்தைப் படியெடுக்கிறார். ஒரு கோடும் அவருக்குப் புரியாது. பதினைந்து ஆண்டுகள் பொன்னிட்டு அழகு செய்த படியை வழிப்பறிக்காரர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள், மூலம் தப்பிவிடுகிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகள்தான் மூலத்தைக் காத்தன என்கிறார் போப்பாண்டவர். பொருள் விளங்காவிட்டாலும் எழுத்து மாறாமல் ஏடு படியெடுத்த கைகளால்தான் நம் பழைய நூல்களும் தப்பின. அதனால்தான் பிரான்சிஸை நம்மால் உடனே நம்ப முடிகிறது.