பேச்சு ஏறிய தோணி

1985-க்கு முந்தைய இராமநாதபுரம் மாவட்டம் பெரியது. இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்தான் இருந்தன. அந்தப் பழைய எல்லைக்குள் பிறந்த மூவரை அடுத்தடுத்து வாசித்தால், பேச்சுத்தமிழ் நாவலுக்குள் நுழைந்த மூன்று வாசல்கள் தெரியும்.

மூத்தவர் சிங்கம்புணரி ப. சிங்காரம் (1920–1997). பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மெடானுக்குக் கப்பலேறியவர். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். 1972-இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி'யில் வட்டிக்கடை தனி உலகம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளைக் குறிக்கும் பெயரிலேயே யார் யாருக்குக் கீழே என்பது விளங்கிவிடும். அங்குள்ளவர்கள் உலகப்போரையும் ஊர்க்கதையையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். இடையில் மலாய்ச் சொல் விழும். திடீரென்று நாயகன் பாண்டியன் செந்தமிழில் முழங்குவான், பழம்பெருமையைக் கிண்டலடிப்பதற்காகவே! கொச்சையும் செந்தமிழும் உரசும் அந்த இடங்கள்தான் நாவலின் உயிர். வட்டார வழக்கு சொந்த ஊரைத் தாண்டாது என்ற எண்ணத்தை இந்த ஒரு நூலே உடைத்துவிட்டது.

வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர் பாமாவின் வழி வேறு. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) காலத்திலிருந்தே கதைமாந்தர் வழக்குமொழியில் பேசுவார்கள். ஆசிரியர் பெரும்பாலும் எழுத்துத்தமிழில்தான் விவரிப்பார். பாமாவின் 'சங்கதி'யிலோ (1994) கதை சொல்பவளே ஊர்ப்பேச்சில்தான் சொல்கிறாள். தனி நாயகி கிடையாது. பெண்களின் ஏச்சும் கேலியும் புலம்பலுமே கதையை நகர்த்துகின்றன.

மூன்றாமவர் பெருநாழி வேல ராமமூர்த்தி. அவருடைய 'குற்றப் பரம்பரை'யில் பேச்சு சுருக்கமானது, வெட்டு அதிகம்.

நாவலில் வரும் பேச்சை அளக்க எளிய உரைகல் உண்டு. பேசுபவரின் பெயரை மறைத்துவிட்டாலும் யார் யாரிடம் பேசுகிறார், யாருக்கு யார் பணிகிறார் என்று தெரிய வேண்டும். 'ஏலே', 'ஆத்தா' என்று நாலு சொல்லைத் தூவி மண்வாசனை காட்டும் நாவல்கள் அங்கேயே தோற்றுவிடுகின்றன.

அதே மாவட்டத்தின் கடற்கரைப் பேச்சின் வளமோ இன்னும் பெரிது. கீழக்கரை முஸ்லிம் வீடுகளின் வாப்பா, உம்மா. பாம்பன் மீனவர் நாவில் கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று காற்றின் பெயர்கள். மண்டபம் அகதிகள் முகாமில் இலங்கைத் தமிழ். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், நெடுந்தீவில் மீன்பிடிப்பவரை வைத்து செங்கை ஆழியான் எழுதிய நாவலின் பெயரே 'வாடைக்காற்று'. 1978-இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதே காற்று இக்கரையிலும்தான் வீசுகிறது.