மார்மனர் போதனையும் தன்வேதனைக் காட்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யூட்டா மாகாணத்துச் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, பிறரால் மார்மனர் என வழங்கப்படுஞ் சபையார், தம் சமயம் புகக் கருதுவாரை 'ஆராய்வோர்' என நெடுங்காலம் அழைத்துவந்தனர். அண்மை யாண்டுகளில் அப்பெயரை விடுத்து 'நண்பர்' என்கின்றனர். பெயர் எதுவாயினும், ஆராய்தல் என்பது அவர்தம் போதனையில் உண்மையாக நிகழ்கின்றதா என்பதே ஈண்டு யாம் வினாவ வந்தது.

அப்போதகர் இருவர் இருவராகச் செல்லும் இளைஞர். 18 வயதினரும் உளர். இவர்க்கென 1961-இல் வகுத்த பாடத்தில், போதகன் சொல்வது மட்டுமன்றி, எதிரிருந்து கேட்போன் இறுக்கவேண்டிய விடையுங்கூட எழுதப்பட்டிருந்தது. வினாவுந் தமதே விடையுந் தமதே யாயின் மாணாக்கன் எற்றுக்கு? 2004-இல் வெளிவந்து 2023-இற் புதுக்கப்பட்ட கைந்நூல், மனப்பாடஞ் செய்து ஒப்பித்தலை விலக்கித் தஞ்சொல்லாற் கூறவும், கேட்போன் உரைப்பதைச் செவிமடுக்கவும் விதிக்கின்றது. இது பாராட்டற்பாலதே.

இனி அப்போதனையின் உயிர்நிலையைக் காண்பாம். 1830-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூல், பொற்றகடுகளில் வரையப்பட்டிருந்த பழைய வரலாற்றின் மொழிபெயர்ப்பு என்பது அவர் கொள்கை. இது மெய்யோ என ஐயுறுவோனை, நூலை ஓதி இறைவனையே வேண்டிக் கேட்குமாறு ஏவுவர். பரிசுத்த ஆவி நெஞ்சில் உணர்த்தும் என்பர். அந்நூலின் இறுதிப் பகுதியும் அவ்வாறே கூறும். வேண்டியவன் நெஞ்சில் அமைதியும் உவகையும் எழுகின்றன. எழுந்தமை பொய்யென்று யாம் கூறேம். ஆயின், இன்ப துன்பங்களை உயிர் தானே நேரில் உணரும் அதனை அளவை நூலார் தன்வேதனைக் காட்சி என்ப. உவகை உண்டென்பதற்கு அது சான்று. பொற்றகடு இருந்தது என்பதற்குச் சான்றாமாறு யாங்ஙனம்? மகன் இன்று வருவான் எனப் பூரிக்குந் தாயின் மகிழ்ச்சி மெய். அவன் வண்டியேறினானா என்பது வேறு.

மற்றுமொன்று. தூய நெஞ்சும் மெய்க்கருத்தும் கிறிஸ்துவின்பால் நம்பிக்கையும் உடையனாய் வேண்டுவோனுக்கே விடை வரும் என்பது விதி. வாராதவழி, குறை நூலின்மேற் செல்லாது வேண்டினோன் மேலதாம். 'இன்னும் ஓதுக, இன்னும் வேண்டுக' என்பதே மறுமொழி. எங்ஙனம் முடியினும் தோலாத வழக்கு வழக்காமா? வியப்பு யாதெனின், மொழிபெயர்ப்புப் பணி பற்றி 1829-இல் ஆலிவர் கௌடரி என்பாருக்கு அருளப்பட்டதாக அவர் போற்றும் மறையில், முதற்கண் அறிவால் ஆராய்ந்து பின்னர்க் கேட்க எனவும், பொருந்துவதாயின் நெஞ்சங் கனலும், பொருந்தாதாயின் சிந்தை மழுங்கும் எனவும் இரு குறிகளுங் கூறப்பட்டுள்ளன. ஒன்றை எதிர்நோக்கி மற்றதைப் புறக்கணித்தல் நேரிதன்று.

யாம் மடத்திற் பாடங்கேட்ட நாளில், தடை எழுப்ப அறியாதவனை ஆசிரியர் அடுத்த சூத்திரத்திற்கு விடார். 'ஆம் ஆம்' என்று தலையசைத்து யானே பன்முறை அவர் சினத்திற்கு ஆளாயினேன். இவரோ பாடம் முற்றுமுன்னரே முழுக்குக்கு நாள் குறிக்குமாறு அழைக்கின்றனர். இசைவோன் தேயிலை, காப்பி, மது, புகையிலை துறந்து, வருவாயிற் பத்திலொன்றும் அளிக்கவேண்டும். சுற்றத்தாரோடு பிணங்கவும் நேரலாம்.

முழுக்கின் முன்னர், பயிற்றியவரல்லாத வேறொருவர் அவனைத் தனித்து வினாவுவர். நல்லேற்பாடே. அவ்வினாக்களோடு, 'இது பொய்யென உமக்கு என்றேனுந் தோன்றியதுண்டா? தோன்றியபோது யாது செய்தீர்?' என்பதனையுஞ் சேர்ப்பாராயின், யாம் மேற்காட்டிய குறையிற் பெரும்பகுதி நீங்கும்.