மனவடுவைக் கேட்கும் மொழி

வன்முறைக்குத் தப்பியோரின் மனவடுக்களை ஆற்றுவோருக்கென்று தமிழில் எழுந்த பயிற்சி எழுத்துக்களை நமது இலக்கியத் திறனாய்வு கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் 1996இல் அகதிகளின் உளநலம் பற்றி ஒரு நூலை வெளியிட்டன. அதைத் தழுவி, உளமருத்துவர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் தமிழ்ச் சமூகத்துக்குப் பொருந்தும் கைந்நூலொன்றை 2000இல் தந்தனர். மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை போன்ற சொற்கள் இன்று நம்மிடையே இயல்பாகப் புழங்குவதற்கு இத்தகைய எழுத்துக்களின் பங்கு பெரிது. மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளாக ஜபம், ஜெபமாலை ஆகியவற்றோடு நமது திக்ரையும் சோமசுந்தரம் ஏற்றுக்கொண்டார். மேற்கின் வைத்தியத்தை அப்படியே இறக்குமதி செய்யாத இந்தப் போக்கு மெச்சத்தக்கது.

ஆயினும் இவ்வெழுத்துக்களை ஹட்டனிலிருந்து வாசிக்கையில் ஓர் இடைவெளி தெரிகிறது. இவை வடக்கின் போரிலிருந்து பிறந்தவை. மலையகத்தின் கணக்கு வேறு. 1977, 1981, 1983 என்று அடி விட்டுவிட்டு விழுந்தது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய தோட்டக் குடும்பங்களில் பல, 2009 வரை அங்கும் போரில் அகப்பட்டன. ஓடாதவர்களோ தம்மை விரட்டியவர்கள் நடமாடும் அதே கடைவீதிக்கே அரிசி வாங்கப் போனார்கள். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் 2000 ஒக்டோபரில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் மேன்முறையீடு செய்த அனைவரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்த நிலையில் "அது முடிந்துபோன கதை" என்று எந்த உளவளத்துணையாளர் ஆறுதல் சொல்ல முடியும்?

லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதே பயிற்சியின் முதற் பாடமாக வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண் பகலில் வந்தால் அன்றைய பேர் போய்விடும் என்பது இரண்டாம் பாடம். பயம் என்று அவள் சொல்லமாட்டாள். தலையிடி, நெஞ்சடைப்பு, கைகால் ஓய்ச்சல் என்பாள். தோட்டத்து மருந்தகம் மாத்திரை கொடுத்தனுப்பும். எனவே மருந்தகத்தாரையும் மருத்துவிச்சியையும் பிள்ளை மடுவத்துப் பெண்ணையும் ஆசிரியரையும் முதலில் பயிற்ற வேண்டும். தூரத்து நகரிலிருந்து வருபவர் பின்னால் வரலாம்.

எழுத்தாளருக்கு நெருக்கமான முறையொன்றும் உண்டு. சிலியின் இராணுவ ஆட்சியில் சித்திரவதைப்பட்டோரிடையே உளவியலாளர்கள் வளர்த்த சாட்சிய முறை 1983இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. பாதிக்கப்பட்டவர் நடந்ததைச் சொல்கிறார், கேட்பவர் அதைப் பதிந்து எழுதி, வாசித்துக் காட்டுகிறார், சொன்னவர் திருத்துகிறார், இறுதியில் ஏடு அவர் கைக்கே போகிறது. பின்னாளில் இம்முறை இலங்கையிலும் கையாளப்பட்டது.

இங்கேதான் மொழி வைத்தியமாகிறது. "ஈரக்குலை நடுங்கிப் போச்சு" என்று ஒரு கிழவி சொன்னதை "நான் அச்சமுற்றேன்" என்று பயிலுநர் எழுதினால், வாசிக்கும்போது அவளுக்கு அது வேறு யாருடைய கதையோ என்றிருக்கும். லயத்துப் பேச்சைத் திருத்தாமல் எழுதும் பழக்கம் மலையகச் சிறுகதையாளரிடம் நெடுங்காலமாக உண்டு. உளவளத்துணைப் பயிற்சிகளுக்கு அவர்களை ஆசிரியராக அழைப்பதில் என்ன தடை?

எழுத்தாளருக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். சாட்சியம் சொன்னவரின் சொத்து. அவர் சம்மதமின்றி அது சிறுகதையாகிவிடக் கூடாது.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட, 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரியக் கண்ட நமக்கு இது அயலார் விவகாரமன்று. மலையகத்தில் இப்படியொரு பயிற்சி தொடங்குமானால், லயத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் திகனைப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கப் பழக வேண்டும்.