ஆவடிப் பாணி

பாணி என்ற சொல் நம் விமர்சனத்தில் பெரும்பாலும் வசையாகவே புழங்கி வந்திருக்கிறது. அரசியல் தீர்மானம் ஒன்றில் அது கௌரவமாக ஏறி அமர்ந்தது ஆவடியில். 1955 ஜனவரியில் அங்கு கூடிய காங்கிரஸ் மகாசபை ‘சோஷலிஸ பாணி சமுதாயம்’ என்றது. சோஷலிஸம் அல்ல, அதன் பாணி. ஒரு கவிஞனிடம், நீ எழுதுவது கவிதை அல்ல, கவிதைப் பாணி என்று சொன்னால் அப்புறம் அவன் நம்மோடு பேச மாட்டான்.

ஆனாலும் அந்த நழுவல் நழுவலாகவே தெரிந்தது. அதனால் அதோடு சண்டை போட முடிந்தது. இடதுசாரிகள் அதைப் போலி என்றார்கள். 1959ல் ராஜாஜி அந்தப் போக்குக்கு எதிராகச் சுதந்திரா கட்சியையே ஆரம்பித்தார்.

அதே ஆவடியில் 2021ல் வந்த பாஷை வேறு ஜாதி. நாட்டின் 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகள் அக்டோபர் 1 முதல் ஏழு கம்பெனிகளாயின. விஜயதசமியன்று பிரதமர் காணொளியில் அவற்றை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டாங்க் தொழிற்சாலை ‘ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகம்’ ஆயிற்று. ராணுவ உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை ‘ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்’ கம்பெனிக்குள் போயிற்று. அதாவது, படைவீரர் சௌகரியங்கள். தையல்காரனும் இல்லை, துணியும் இல்லை, சௌகரியம் மட்டும் இருக்கிறது. காரணமாகச் சொல்லப்பட்ட தன்னாட்சி, திறன், புதுமை எல்லாம் யாரும் மறுத்துப் பேச முடியாத சொற்கள். மறுக்க நினைத்த தொழிலாளிக்கு, வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய வழிசெய்யும் அவசரச் சட்டம் ஜூன் 30ந் தேதியே தயாராக இருந்தது.

இந்த பாஷைக்கு ஆசிரியன் கிடையாது. அந்த வருஷம் பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டத்தின்போது, ஒரு ஹிந்தி நடிகரும் ஒரு பாட்மிண்டன் வீராங்கனையும் ட்விட்டரில் எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகத்தை வெளியிட்டார்கள். வாசகம் ஒன்று, குரல் இரண்டு. இருவரில் எழுதியவர் யார் என்று கேட்பதே அசட்டுத்தனம். எழுதியவன் எங்கோ ஓர் அறையில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பான் என்பது என் ஊகம்.

ஊகத்துக்கு ஆதாரம் நானே. அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத்துகள் ஓடிய இடத்தில் எழும்பிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஒரு கம்பெனிக்காக இரண்டு வருஷம் எழுதினேன். ‘இலக்கியம் வேண்டாம், மனுஷன் பேசுவதுபோல் எழுதுங்கள்’ என்றார்கள். எனக்கு அது சிரமமாகவே இல்லை. சிறிய வாக்கியம், பேச்சின் தொனி, லேசான தயக்கம், ஒரு மௌனம் எல்லாமே நம் பத்திரிகைகள் பண்டிதத் தமிழோடு சண்டை போட்டுச் சம்பாதித்தவை. அவற்றை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். முகநூலில் முதலாளி பெயரில் என் தயக்கம் வந்தது.

கடைசியாக எழுதியது ஆட்குறைப்பு அறிவிப்பு. ‘விடைபெறுதலும் ஒரு பயணம்’ என்று ஆரம்பித்தேன். அதன் கீழே ‘என்ன கவித்துவம்!’ என்று பாராட்டியவர் இப்பத்திரிகையின் சந்தாதாரர்.