அனாகதத்தில் வந்து விழும் பந்து

மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சாளர் டுவெய்ன் பிராவோவின் ஸ்லோ பாலை ரசிக்க விரும்புகிறவர் பந்தைப் பார்க்கக் கூடாது. பேட்ஸ்மேனின் முன்காலைப் பார்க்க வேண்டும். பிராவோ ஓடி வருவார், கை சுழலும், பந்து கையை விட்டுப் போகும். முன்கால் தரையில் ஊன்றும், இடுப்பு திரும்பும், மட்டை முழு வீச்சில் இறங்கும். எல்லாம் சரியாக நடந்திருக்கும். பந்து மட்டும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

அவருடைய சாதாரணப் பந்து மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. ஸ்லோ பால் 110ஐ ஒட்டி. கணக்குப் போட்டால், பேட்ஸ்மேனை அடைய இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடிதான் வித்தியாசம். அந்த நேரத்துக்குள் மட்டையின் முனை இரண்டு மீட்டர் கடந்துபோய்விடும். கை சுழலும் வேகத்தைக் குறைத்தால் பேட்ஸ்மேன் கண்டுகொள்வார். ஆகவே கை அதே வேகத்தில்தான் வர வேண்டும். விரல்கள் பந்தின் பக்கவாட்டில் வழுக்கி இறங்கும்போது, முன்னோக்கிப் போக வேண்டிய விசையில் ஒரு பங்கு சுழற்சியாக மாறிவிடுகிறது. பந்து மெதுவாக வருவதோடு, கடைசி நேரத்தில் சட்டென்று கீழே சரியவும் செய்கிறது. யார்க்கர் நீளத்தில், அதாவது பேட்ஸ்மேனின் காலடியில், விழும் இந்த ஸ்லோ பாலைத்தான் அவர் தன் முத்திரையாக வைத்திருந்தார்.

காஞ்சிபுரம் மண்ணில் பிறந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வேறொரு வழியும் இருக்கிறது. லயத்தில் சிங்கம் என்று பெயரெடுத்த கர்நாடக இசைப் பாடகர் நாயனாப் பிள்ளை (1889–1934) எங்கள் ஊர்க்காரர். வயலின், மிருதங்கம் போதாதென்று கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று முழுப் பக்கவாத்தியக் கூட்டத்தையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பல்லவி பாடியவர். பல்லவியில் எடுப்பு என்ற ஒன்று உண்டு. தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டும் தொடங்கினால் சமம். தாளத்துக்கு முன்பே பாட்டு வந்துவிட்டால் அதீதம். தாளம் தொடங்கியபின் ஓர் இடம் விட்டுப் பாட்டு விழுந்தால் அனாகதம். பேட்ஸ்மேன் தன் உடம்புக்குள் ஒரு தாளம் போட்டுக்கொண்டு நிற்கிறார். நல்ல பவுலர் அந்தத் தாளத்தைக் கேட்கிறார். நான்கு பந்துகளைச் சமத்தில் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஐந்தாவதை அனாகதத்தில் போடுகிறார். பிராவோ செய்தது இதுதான். இதை வெறும் ஏமாற்று வேலை என்று சொல்வோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். எதிரில் நிற்பவரின் லயம் தெரியாமல் அவரை அனாகதத்தில் பிடிக்க முடியாது.

சேப்பாக்கம் இதற்கென்றே வாய்த்த மைதானம். பந்து ஆடுகளத்தில் பட்டு, நின்று, யோசித்து வரும் இடம். ஏற்கெனவே மெதுவான பந்தை ஆடுகளம் இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தித் தரும். 2013 ஐ.பி.எல்.லில் சென்னை அணிக்காக அவர் எடுத்த 32 விக்கெட்டுகள் அதுவரை ஒரே தொடரில் எவரும் எடுக்காதவை. 2021இல் ஹர்ஷல் படேல் அந்த எண்ணைத் தொட்டார். 2015இல் மீண்டும் 26 விக்கெட்டுகளோடு, அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதா நிறத் தொப்பி. பெரும்பாலும் கடைசி ஓவர்களில், எதிரணி அடித்தே தீர வேண்டிய நேரத்தில் வந்த விக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மைதானத்திலேயே ஒரு நடனம். எங்கள் ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் வரை வறண்ட ஏரிக்குள் டென்னிஸ் பால் மேட்ச் ஆடும் பையன்களிடம் அந்த நடனம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அந்த ஸ்லோ பாலும் கூடவே வந்து சேர்ந்தது என்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி.

பந்துவீச்சோடு பாட்டும் பாடுகிற பிராவோ பிறந்தது 1983இல், டிரினிடாட்டின் சாந்தா குரூஸில். அந்தத் தீவில் பந்துவீச்சும் பாட்டும் தனித்தனி வீடுகளில் வளரவில்லை. 1950 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்தை 326 ரன்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தது. டிரினிடாட்டில் பிறந்த இந்திய வம்சாவளிச் சுழற்பந்து வீச்சாளர் சன்னி ராமதின் 11 விக்கெட், ஜமைக்காவின் ஆல்ஃப் வாலன்டைன் 7 விக்கெட். இருவரையும் பெயர் சொல்லிப் புகழ்ந்து டிரினிடாட்டுப் பாடகர் லார்ட் பிகினர், அந்தத் தீவின் பாட்டு வகையான கலிப்சோவில் ஒரு பாட்டுப் பாடினார். பந்துவீச்சாளர்களுக்குப் பாட்டுடைத் தலைவர்களாகும் பாக்கியம் அன்றே கிடைத்துவிட்டது.

பிராவோ பாடுவது கலிப்சோவின் பிள்ளையான சோகா. 1970களின் தொடக்கத்தில் லார்ட் ஷார்ட்டி என்ற கலிப்சோ கலைஞர் உருவாக்கிய வகை அது. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் வாசித்த டோலக்கும், ‘தந்தால்’ என்ற தாளக் கருவியும்தான் அவருக்கு வேண்டிய புதுத் துடிப்பைக் கொடுத்தன. முதல் கப்பல் அங்கே கரை சேர்ந்தது 1845 மே 30. பின்னால் போன கப்பல்களில் சில சென்னையிலிருந்தும் புறப்பட்டவை. பிராவோவின் பாட்டுக்குச் சேப்பாக்கத்தில் கால்கள் தாமாக எழுந்ததற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் என்று நம்ப எனக்கு ஆசை.

2016இல் வந்த ‘சாம்பியன்’ பாட்டைப் பலர் வெறும் கொண்டாட்டக் கூச்சல் என்று தள்ளிவிட்டார்கள். மெட்டு சிறியது, சொல்லும் கொஞ்சம்தான், அதை மறுப்பதற்கில்லை. சாதித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறார், ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் பதில் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கும் பதிலுக்கும் நடுவே விடும் இடைவெளியைக் கேளுங்கள். அங்கேதான் பாட்டு இருக்கிறது. நம் உடம்பு முந்திக்கொள்ளப் பார்க்கிறது, பாட்டு ஒரு நொடி பிடித்து வைத்து விடுகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி கொல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில் இருபது ஓவர் உலகக் கோப்பை வென்று, மைதானத்தில் சேர்ந்து ஆடியது இதே பாட்டுக்குத்தான். சென்னை அணித் தலைவர் தோனியின் பிறந்த நாளுக்காக 2020இல் அவர் வெளியிட்ட ‘ஹெலிகாப்டர் 7’ அன்பு மிகுந்த பாட்டு. ஆனால் அந்த இடைவெளி அதில் இல்லை. அதனால் எனக்கு அது ஒரு படி கீழேதான்.

பந்தும் வீசி இசையும் செய்யும் இந்த இனம் அமெரிக்காவின் பேஸ்பாலிலும் உண்டு. டெட்ராய்ட் அணியின் டென்னி மெக்லைன் 1968இல் 31 ஆட்டங்களை வென்றார். அதன்பின் எவரும் ஒரே பருவத்தில் 30ஐத் தொடவில்லை. அதே ஆண்டு அவர் ஆர்கன் வாசித்த இசைத்தட்டும் வந்தது. பாஸ்டன் அணியில் இருந்த பிரான்சன் அரோயோ 2005இல் கிட்டாரோடு பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார். இவர்களில் எனக்குப் பிராவோவுக்கு நெருக்கமாகத் தெரிபவர் அரோயோ. அவரும் வேகத்தை நம்பி வீசியவர் அல்லர்; கையின் கோணத்தையும் பந்தின் வேகத்தையும் மாற்றி மாற்றியே பிழைத்தவர்.

2022 டிசம்பரில் பிராவோ ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து விலகியபோது அவர் கணக்கில் 183 விக்கெட்டுகள் இருந்தன. அன்றைக்கு அதுவே போட்டியின் உச்சம். அடுத்த ஆண்டு சென்னையின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தார், அணி கோப்பை வென்றது. அந்தத் தொடரில் இலங்கையின் மதீஷ பதிரன 19 விக்கெட் எடுத்தார். அதே நாட்டின் லசித் மலிங்காவைப் போலத் தோளுக்குப் பக்கவாட்டில் சுழன்று வரும் அந்தக் கை அவர் பிறவியில் கொண்டுவந்தது, அதை எவரும் சொல்லித்தர முடியாது. ஆனால் கடைசி ஓவர்களில், 140ஐத் தாண்டும் யார்க்கருக்காகப் பேட்ஸ்மேன் காலை ஒதுக்கி நிற்கும்போது, அதே கை வேகத்தில் பதிரன ஸ்லோ பாலை விட்டதைப் பார்த்தேன். பந்து வருவதற்குள் மட்டை ஒரு சுற்று முடித்திருந்தது.