குளக்கரையில் நனையாமல் நிற்பவர்

டைவிங்கைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களின் கண் தண்ணீரிலேயே இருக்கும். தெறித்தால் ‘ச்சே’, தெறிக்காவிட்டால் கைதட்டல். என் ரசனை கொஞ்சம் கோணல். பாய்கிறவரை விட்டுவிட்டு, குளத்தோரம் நனையாமல் நிற்கும் பயிற்றுநரைப் பார்ப்பேன். அதுவும் பயிற்சி நேரத்தில்.

ரொறன்ரோவில் அதற்கு ஸ்காபரோதான் இடம். 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்கென்று கட்டி, 2014இல் திறந்த மையம். மாநகருக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கும் பொதுச்சொத்து. நம்மவர்கள் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அங்கே இறக்கிவிட்டுக் கைபேசியில் மூழ்கிவிடுவார்கள். தலையை நிமிர்த்தினால் பத்து மீற்றர் மேடை, அதன் கீழே ஐந்து மீற்றர் ஆழத் தண்ணீர். கனடாவின் ஜெனிபர் ஏபெல் 2015இல் மூன்று மீற்றர் பலகையில் தங்கம் வென்றது இங்கேதான்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் மதிலேறிக் குதித்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு முதலில் தலைகீழாகத் தெரியும். அங்கே எவ்வளவு தண்ணீர் எழும்புகிறதோ அவ்வளவு கெட்டிக்காரன். இங்கே எழும்பவே கூடாது. அதற்காகத்தான் கைகளை நீட்டி, ஒன்றை ஒன்று பற்றி, உள்ளங்கையைத் தட்டையாக்கிக் கொண்டு இறங்குகிறார்கள். கை திறந்துவிட்ட குழிக்குள் உடம்பு முழுவதும் போய்விட வேண்டும். சரியாக அமைந்தால் துணி கிழிபடுவதுபோல ஒரு ஒலி வரும். பழகிய காதுக்கு நடுவர்களின் புள்ளி வருமுன்பே முடிவு தெரிந்துவிடும்.

பத்து மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீரைத் தொட ஏறக்குறைய ஒன்றரை விநாடி. தொடும்போது வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு. அதற்குள் நாலரைக் குத்துக்கரணம். கரணம் தப்பினால் மரணம் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. சுழலும் கண்ணுக்குக் கூரையும் நீரும் மாறிமாறி வரும். நீர்மட்டம் எது என்று தெரியவே மேற்பரப்பில் தண்ணீரை விசிறிக்கொண்டிருப்பார்கள். புதிய பாய்ச்சலைப் பழகும்போது அதுவும் போதாது. எந்தக் கணத்தில் உடம்பை விரிக்க வேண்டும் என்பதைக் கரையில் நிற்பவர் கத்திச் சொல்வார். ஒரே சத்தம், அவ்வளவுதான். அது பிந்தினால் பிள்ளை முதுகு அடிபட விழும். முந்தினாலும் அதே கதை. மேலே இருப்பவர் தன் கண்ணை நம்பாமல் கீழே இருப்பவரின் குரலை நம்பிக் குதிக்கிறார். சங்கீதத்தில் தாளம் போடுபவருக்குக்கூட இவ்வளவு பொறுப்புக் கிடையாது.

குரலுக்கு முன்னால் கயிறு. தண்ணீரில்லாத கூடத்தில், டிராம்பொலினுக்கு மேலே, இடுப்புப் பட்டியிலிருந்து கப்பிகளின் வழியாக ஒரு கயிறு பயிற்றுநரின் கைக்கு வரும். மாணவி எழும்பும்போது மெல்ல இழுத்து ஒரு நொடித்துண்டை அதிகமாகக் கொடுப்பார். இறங்கும்போது பாரத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்வார். இழுப்பை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போய், ஒருநாள் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார். மாணவிக்கு அது தெரியாது. இந்த வித்தையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான்.

கல்லூரிப் பயிற்றுநரின் நிலை இன்னும் சிக்கல். அமெரிக்கக் கல்லூரிகளில் டைவிங் என்பது நீச்சல் அணியின் ஒரு மூலை. வருகிற பிள்ளைக்குப் பதினெட்டு வயது. கை, கால், பயம் எல்லாம் வேறு யாரோ பழக்கிவிட்டவை. கையிலிருப்பது நாலு வருடம். புதிதாகச் செய்வதற்கு நேரமில்லை, வந்ததைத் திருத்தத்தான் முடியும். பிறர் செய்த வீணையைப் பழுது பார்ப்பவரின் கை வேண்டும்.

அந்தக் கைக்கு நான் சொல்லும் பெயர் ஜேன் ஃபிகைரெடோ. சிம்பாப்வேயில் பிறந்தவர். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காகப் பாய்ந்து, பிறகு அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்றுநராக இருந்தவர். அவரிடம் வந்த ரஷ்யப் பெண் யூலியா பகாலினா ஹூஸ்டனுக்காக அமெரிக்கக் கல்லூரிப் பட்டங்களை வென்றார். 2008 பெய்ஜிங்கில் பகாலினாவும் அனஸ்தாசியா போஸ்ட்னியகோவாவும் சேர்ந்து ரஷ்யாவுக்கு வெள்ளி எடுத்தபோது, இருவரும் ஹூஸ்டனில் அவரிடம் பழகியவர்கள். டெக்சாஸில் பழுது பார்த்தார், பதக்கம் மொஸ்கோவுக்குப் போனது.

2014இல் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் வீரர் டொம் டேலியை ஏற்றுக்கொண்டார். டேலி அப்போதே ஒலிம்பிக் வெண்கலம் பெற்றவர். ஆனால் ஒரு பாய்ச்சல் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பின்புறமாக இரண்டரைக் கரணமும் இரண்டரைத் திருகலும். 2012 லண்டன் இறுதிப் போட்டியில் பார்வையாளர்களின் கமரா ஒளி கண்ணைக் குத்த, அதையே மறுபடி பாய அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதன்பின் மேடையேறினாலே பயம். சாதாரணப் பயிற்றுநர் என்ன செய்வார்? நூறு தடவை திரும்பப் பாயச் சொல்வார். ஃபிகைரெடோ அந்தப் பாய்ச்சலையே எடுத்து எறிந்தார். முன்புறமாக மூன்றரைக் கரணம், ஒரு திருகல் என்று வேறொன்றைப் பழக்கினார். ‘வாணவேடிக்கை’ என்று அதற்குச் செல்லப்பெயரும் வந்தது. இறக்கிவைப்பதும் பயிற்சிதான் என்று தெரிந்த தைரியம் அது.

எல்லாம் அதனால் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் 2016 ரியோ இருக்கிறது. தகுதிச் சுற்றில் முதலிடம். மறுநாள் காலை அரையிறுதியில் பதினெட்டுப் பேரில் பதினெட்டாவது. ஒரே உடம்பு, ஒரே பாய்ச்சல்கள். அதற்கு விளக்கம் தேடி யாரும் வென்றதில்லை. அடுத்த வருடம் புடாபெஸ்ட்டில் டேலி உலகச் சாம்பியன்.

டோக்கியோவில், 2021 ஜூலை 26 அன்று, டேலியும் அவருடைய சோடி மட்டி லீயும் கடைசிப் பாய்ச்சலாக நாலரைக் கரணத்தைப் போட்டு 101.01 வாங்கினார்கள். மொத்தம் 471.81, சீனச் சோடிக்கு 470.58. இடைவெளி 1.23 புள்ளி. இருவர் சேர்ந்து பாயும் போட்டியில் பதினொரு நடுவர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேர் ஒத்திசைவை மட்டும் பார்ப்பவர்கள். பாய்ந்தவர்கள் மட்டும் பதக்கம் வாங்குவார்கள். பயிற்றுநருக்கு மேடையில் இடமில்லை, அது எனக்கு என்றும் ஒரு குறை.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் டேலி நோவா வில்லியம்ஸுடன் அதே போட்டியில் வெள்ளி எடுத்தார். தங்கம் சீனாவுக்கு, வெண்கலம் நம் ரைலன் வீன்ஸுக்கும் நேதன் சொம்போர்-மரேக்கும். கொடிக்கு விசுவாசமாகக் கனடாவுக்குத்தான் கைதட்டினேன். கமரா பயிற்றுநர்கள் பக்கம் திரும்பிய போதெல்லாம் மட்டும் கை நின்றுவிட்டது.