தோட்டப் பாடசாலையும் விஞ்ஞான போதனையும்

2007ஆம் ஆண்டில் ஆறாந் தரத்திலும் பத்தாந் தரத்திலும் தொடங்கி இலங்கையெங்கும் புகுத்தப்பட்ட தேர்ச்சி மையக் கலைத்திட்டம், ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் பழைய முறையை விலக்கி, ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளின் வழியே மாணவரே விஷயத்தைத் தேடியறிய வேண்டுமென விதித்தது. ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதனினும் உகந்த முறை இல்லை என்றே சொல்வேன்.

ஏனெனில், பசறையிலோ அப்புத்தளையிலோ லயத்தில் வளரும் பிள்ளைக்கு, தேயிலைத் தொழிற்சாலையாகிய ஸ்டோரில் வாட்டிய கொழுந்தை உருளையிலிட்டுக் கசக்கும்போது இலையின் கலங்கள் சிதைந்து, நொதியமும் கற்றேசின்களும் கலந்து, காற்றின் ஒட்சிசனை ஏற்றுப் பச்சை நிறம் செம்பழுப்பாக மாறுவதும், பின்னர் அடுப்பின் வெப்பத்தில் நொதியம் செயலிழந்து அம்மாற்றம் நின்றுபோவதும், பாடநூலைத் திறக்குமுன்பே பரிச்சயமான காட்சிகள். பிடிக் கொழுந்தைக் கையால் கசக்கி வைத்து, மற்றொரு பிடியைக் கொதிநீரில் முக்கியெடுத்தபின் கசக்கி வைத்தால், முன்னது சிவப்பதையும் பின்னது அவ்வாறு சிவக்காததையும் ஒரே பாடவேளையில் காட்டிவிடலாம். இதற்கு ஆய்வுகூடம் எதற்கு? ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு விசேஷ வாசனை ஏறுவதன் காரணத்தை வினவப் புகுந்தாலோ, தாவரவியலும் இரசாயனமும் வளிமண்டலவியலும் ஒருங்கே வகுப்பறைக்குள் வந்துவிடும்.

ஆயினும் முறையின் குறை அதன் தத்துவத்தில் அன்று, அது எதிர்பார்க்கும் சாதனங்களிலும் அவகாசத்திலும் இருக்கிறது. தமிழ்மொழியில் விஞ்ஞானம் போதிக்கத் தகுதிபெற்ற ஆசிரியர் அருமையாகவே கிடைக்கும் பிரதேசத்தில், ஒருவரே பல வகுப்புகளைத் தாங்க நேரும்போது, கண்டறிதல் என்னும் படி கரும்பலகையில் எழுதப்பட்ட தலைப்பாகச் சுருங்கிவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சையோ எழுத்துத் தாளிலேயே முடிகிறது. பரிசோதனையைச் செய்யாத மாணவன் அதன் படத்தை மனனஞ்செய்து புள்ளி பெறுவதைத் தடுப்பார் யார்?

இன்னொரு குறையை முறையின் அபிமானிகள் பேசுவதில்லை. பெற்றோர் மலையிலிருந்து மீள விரும்பும் பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் தேயிலையையே உதாரணமாகக் காட்டுவது, கருணை வடிவில் வந்த வேலியாகிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்ததை ஆராயும்போதும், நீர் புகுந்த மண்ணின் பலவீனத்தோடு நின்றுவிடாமல் விசையும் அழுத்தமும் பற்றிய பொதுவிதிகளுக்கு மாணவன் ஏறவேண்டும். கொழுந்து வாசல்படியேயன்றி வீடாகாது.

பதுளையிலேயே 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. அங்கே தோட்டத்துப் பிள்ளை நுழைய வேண்டுமானால், உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகளும் ஆசிரியர்களும் முதலில் வேண்டும். கலைத்திட்டத்தை மீண்டும் திருத்தப் புறப்படுவோர் அதற்கு முன் இதனைச் செய்யட்டும்.